குளிர் தாங்கும் மரம்

குளிர் தாங்குமா என்று கேட்ட மடையன் நான்தான். கேட்ட இடம் அடையாறில் சாலையோரமாக இருக்கும் ஒரு நர்சரி. மாதம் மே, நேரம் நடுப்பகல். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நர்சரிக்காரர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கன்றுகளுக்குப் பிடிக்க வேண்டிய ரப்பர் குழாயைத் தன் கால்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் வாசலில் நடுவதற்கு மரம் தேடி வந்த நான், முதல் கேள்வியாக இதைக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், வூடு ஊட்டியிலயா?"

கிண்டல் என்று புரிந்தது. புரிந்த மனிதன் என்ன செய்வான், வாயை மூடிக்கொள்வான். நான் ஃபோனை எடுத்து அவருக்கு ஓர் அட்டவணையைக் காட்டினேன்.

அந்தப் பைத்தியம் என் மகன் வீட்டில் பிடித்தது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில், பனி கொட்டுகிற ஓர் ஊரில், அவனோடு மூன்று மாதம் இருந்தேன். அங்கே எனக்கு இரண்டே வேலை. குளிர்கிறது என்று சொல்வது, சொன்னதற்காக மருமகள் தருகிற இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வது. சனிக்கிழமைகளில் மகன் செடிக் கடைக்கு அழைத்துப் போவான். ஒவ்வொரு கன்றின் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கும். அதில் ஓர் எண். குளிர்காலத்தில் எங்கே எவ்வளவு குளிரும் என்பதை வைத்து நாட்டையே பட்டை பட்டையாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் வீடு எந்தப் பட்டையில் இருக்கிறதோ அந்த எண் போட்ட மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், குளிரில் சாகாது. நம்மூரில் மரத்துக்கு மட்டும் ஜாதகம் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. திரும்பி வந்ததும் உலகம் முழுவதற்கும் போட்ட அப்படியொரு அட்டவணையைத் தேடிப் பிடித்துச் சென்னை எங்கே வருகிறது என்று பார்த்தேன். கடைசிப் பட்டையில் வந்தது. அதாவது, குளிரால் இங்கே எந்த மரமும் சாகாது. அதிலிருந்து நான் கண்டுபிடித்த உண்மை, எங்கள் தெருவில் எந்த மரத்தை வேண்டுமானாலும் நடலாம் என்பது.

இந்த ஊரில் மரம் குளிருக்குச் சாவதில்லை, காற்றுக்குச் சாகிறது. விழும்போது தனியாக விழுவதில்லை. இதெல்லாம் அட்டவணையில் இல்லை. தெரிந்துகொள்ள அட்டவணை தேவையும் இல்லை. மந்தைவெளியில் ஐந்தாறு ஐப்பசி, கார்த்திகை பார்த்தவனுக்குத் தெரியும். நான் நாற்பது பார்த்தவன்.

மரம் யாருக்காக என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடியிருப்பு எட்டு வீடு. வாசல் நடைபாதையில், கட்டடம் வருவதற்கு முன்பிருந்தே ஒரு பூவரசு நின்றது. அதனடியில் ஓர் இஸ்திரி வண்டி. அந்த வண்டிக்காரரும் அவர் மனைவியும்தான் எங்களுக்கும் தெருவில் பாதி வீடுகளுக்கும் துணி தேய்த்தவர்கள். அவர் தேய்ப்பார். அந்த அம்மாள் மாடி மாடியாக ஏறித் துணி வாங்கி வருவார், மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுப்பார். கரி கனல்கிற பெட்டியைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே தள்ளுகிற வேலை. தலைக்குமேல் நிழல் இல்லாவிட்டால் சென்னையில் அந்த வேலையைச் செய்ய முடியாது. மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியபோது பூவரசு போயிற்று. மறுநாள் அவர் வண்டியில் ஒரு கம்பைக் கட்டி, கிழிந்த விளம்பரக் குடையொன்றைச் செருகிக்கொண்டு நின்றார்.

"சார், இன்னொரு மரம் வெச்சிக் குடு சார்" என்றார் என்னிடம். "மேல வெயிலு, கையில நெருப்பு. நடுவுல நான் இட்லி மாரி வெந்துக்கினு கீறேன்."

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் தேர்தல் கூட்டத்துக்கு வராததால் எனக்குக் கிடைத்த பதவி அது. "வெச்சிடலாம்ப்பா" என்று கையை உயர்த்தி வாக்குக் கொடுத்தேன்.

மரம் பற்றிய கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மரம் வேண்டும் என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து. அதில் இலை இருக்கக்கூடாது என்பதிலும் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து.

"வேம்பா? வேண்டவே வேண்டாம்" என்றார் முதல் மாடி மாமி. "பழம் கொட்டிண்டே இருக்கும். காக்கா அதைத் தின்னுட்டு எங்காத்து கார் மேல உக்காந்துண்டு பாக்கிக் காரியத்தை முடிச்சிட்டுப் போகும்."

மூன்றாம் மாடிக்காரர் விரலை மடக்கினார். "நாவல்னா டைல்ஸ்ல கறை. புங்கைன்னா வருஷத்துக்கொரு தடவை மொத்த இலையும் கீழதான். பழைய பூவரசுல வந்த கம்பளிப்பூச்சியை நான் இன்னும் மறக்கலை சார்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். குளிர், பட்டை, எண் என்று பத்து நிமிடம் பேசினேன். யாருக்கும் புரியவில்லை, அதனால் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் குல்மொகர் என்று சொல்லி, மே மாதத்தில் தெருவே சிவந்து நிற்கிற ஒரு படத்தை ஃபோனில் சுற்றுக்கு விட்டேன். சின்னச் சின்ன இலை, விழுந்தாலும் தெரியாது, சீக்கிரம் வளரும், பார்க்க அழகு. கைதட்டினார்கள். இஸ்திரிக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"பேண்ட்டையே இதுவரைக்கும் சரியான சைஸ்ல வாங்கினதில்ல, மரம் வாங்கக் கிளம்பிட்டீங்களா?" என்றாள் என் மனைவி. அப்போது அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் அந்த நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"கடலு எவ்ளோ தூரம் உன் வூட்டாண்டருந்து?"

"நடந்தா இருபது நிமிஷம்."

"மண்ணு?"

"மண்ணுதான்."

"மண்ணு தெரியுது சார். மணலா, களியா?"

தெரியவில்லை. தண்ணீர் எத்தனை அடியில் வருகிறது, உப்பா, குழி தோண்ட எவ்வளவு இடம், கீழே யார் நிற்பார்கள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்தது. இஸ்திரி வண்டி என்றேன்.

"அப்பத் தாராளமா புங்கை வை. இல்லாங்காட்டி புன்னை. கடக்காத்துல நிக்கும்."

மயிலாப்பூர்க் கோயிலின் தலமரமே புன்னைதான். பிராகாரம் சுற்றும்போதெல்லாம் சாமிக்குப் போடுகிற கும்பிடில் ஒரு பாதியை அதற்கும் போட்டிருக்கிறேன். கடலோரத்தில் ஊர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் அதை, என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு விஷயம் பிளாஸ்டிக் அட்டையில் எழுதி வர வேண்டும்.

"புன்னை ரொம்ப மெதுவா வளருமே?"

"மரம் சார் அது. பைக்கா?"

நான் குல்மொகரைக் காட்டினேன். இருந்ததிலேயே உயரமானது, என்னைவிட ஒரு முழம் அதிகம், சின்னப் பையில் அடைபட்டுக் கம்பில் சாய்ந்துகொண்டு நின்றது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பூவு சூப்பரா கீது சார். காத்து வந்தா படுத்துக்கும். சொல்ட்டேன்."

"குளிர் தாங்கும் இல்ல?"

"தாங்கும் சார். ஐஸ் பெட்டியில வெச்சாலும் தாங்கும். எடுத்துக்கினு போ."

மரம் வளர்ந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. என்னைப்போலவே ஆழத்துக்குப் போகாமல் அகலத்துக்குப் போயிற்று. மூன்றாம் வருடம் நிழல் வந்தது, இஸ்திரிக்காரர் குடையைத் தூக்கிப் போட்டார். ஐந்தாம் வருடம் பூத்தது. "சார் வெச்ச மரம்" என்று அவர் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்வார். நான் அந்த நேரம் பார்த்துப் பால் வாங்கக் கீழே இறங்குவேன். இரண்டாவது பாக்கெட் பால் தேவைப்படாத நாட்களிலும் இறங்கியிருக்கிறேன்.

அடிமரத்தைச் சுற்றி மண் தெரிகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று சங்கத்தில் பேச்சு வந்தது. மரத்தை ஒட்ட நெருக்கிச் சிமெண்ட் பூசி டைல்ஸ் பதித்தோம். யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள். மூன்றாம் மாடிக்காரர் பால்கனியில் கிளை நுழைகிறது என்றார். வெட்டுகிறவரை வரவழைத்துக் கட்டடத்துப் பக்கத்துக் கிளைகளைக் கழித்தோம். வெட்டி முடித்தவர் இறங்கி வந்து, தெருப் பக்கமும் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் ஒரே பக்கம் இழுக்கும் என்றார். "பூ விட்டிருக்குப்பா, அடுத்த தடவை பார்க்கலாம்" என்றேன். ஆக, மரத்தின் மொத்தக் கனமும் தெருவின் மேல், வண்டிக்கு நேர்மேலே நின்றது. நிழலுக்கு அது நல்லதாகவே இருந்தது.

அந்த வருடக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. கடலில் புயல், எங்கோ வடக்கே போய்க் கரையைக் கடக்கும் என்றார்கள். நமக்கில்லை என்று நாங்கள் பஜ்ஜி போட்டோம். சாயங்காலம் இஸ்திரிக்காரர் நனைந்தபடி மேலே வந்து காலிங்பெல் அடித்தார்.

"சார், காத்து ஒரு மாரியா கீது. வண்டியில எட்டு வூட்டுத் துணியும் கீது. ராத்திரிக்கு மட்டும் உங்க கார் நிக்கிற எடத்துல உள்ள தள்ளிக்கட்டா?"

வெளியாள் வண்டிகள் உள்ளே கூடாது என்று அறிவிப்பு எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியவன் நான். எழுதியதில் இரண்டு இடத்தில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வேறொன்று சொன்னேன்.

"எதுக்குப்பா? மரத்தோட சேர்த்து நல்லாக் கட்டு. எத்தனை வருஷ மரம், எங்க போகப்போகுது?"

அவர் என் முகத்தை ஒரு வினாடி பார்த்தார். "சரி சார்" என்றார். நைலான் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். நான் பால்கனியிலிருந்து பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது, காற்று விடவில்லை. காபியோடு பால்கனிக்கு வந்தேன். மரம் ஆடுகிற ஆட்டம் பார்க்க வேடிக்கையாக இருந்தது. மகனுக்கு அனுப்பலாம் என்று ஃபோனில் படம் எடுக்க ஆரம்பித்தேன். அந்தப் படத்தில் என் குரல் இருக்கிறது: "பாருடா, எப்படி ஆடுது பாரு. ஆனா நிக்குது பாரு, நான் வெச்சது!" அந்த நேரத்தில் படத்தின் கீழ் ஓரத்தில் இஸ்திரிக்காரர் வருகிறார். தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து படபடக்கிறது. அதைப் பிடித்துக் கட்டக் குனிகிறார்.

மரம் முறியவில்லை. முறிகிற சத்தம் கேட்டிருந்தாலாவது அவர் நகர்ந்திருப்பார். டைல்ஸ் மட்டும் பாத்திரத்து மூடிபோலத் தூக்கிக்கொண்டது, மரம் மெதுவாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோலத் தெருப் பக்கம் சாய்ந்தது. கயிறு மரத்தோடு சேர்த்து வண்டியையும் இழுத்தது. படத்தில் அடுத்து இருப்பது பால்கனித் தரை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கிளைகளுக்கு உள்ளே, கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவில் அவர் கிடந்தார். நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே எதையும் பார்க்க முடியவில்லை. மாமி மேலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாம் மாடிக்காரரும் நானும் இன்னும் நாலைந்து பேரும் கிளையைத் தூக்கப் பார்த்தோம். தூக்க முடியவில்லை. அவர் என்னைக் கண்டதும் சொன்ன முதல் சொல், "சார், துணி நனையுது."

ரம்பம் வந்து அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் பார்க்கக் கிடைத்தது மரத்தின் வேர். அவ்வளவு பெரிய குடைக்கு வேர் எங்கள் சாப்பாட்டு மேஜை அளவுகூட இல்லை. நான் வாங்கி வந்த பைக்குள் எப்படிச் சுருண்டிருந்ததோ அதே சுருட்டலில் நடுவேர் அப்படியே இருந்தது. சிமெண்ட் போட்ட இடத்தோடு மீதி நின்றுபோயிருந்தது.

அவர் பிழைத்தார். இடுப்பெலும்பும் வலது தொடை எலும்பும் நொறுங்கிப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அறுத்துக் கம்பி வைத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடப்பார், நாள் முழுக்க நிற்கிற வேலையை மட்டும் மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு வாரம் வெளியே சுற்றிவிட்டுத்தான் வார்டுக்குள் போகத் தைரியம் வந்தது. சாத்துக்குடியோடு போனேன். வாயைத் திறந்தால் வழக்கம்போல ஏதாவது ஜோக்தான் வரும் என்று பயமாக இருந்தது. அவரே பேசினார்.

"வுடு சார். காத்து அடிச்சா மரம் வுழத்தான் செய்யும். உன் மேல இன்னா கீது?"

அந்த அம்மாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் காலடிப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. புருஷன் என்னை மன்னித்த நேரத்தில் அந்தக் கை போர்வையிலேயே நின்றதை நான் பார்த்தேன். வண்டியை உள்ளே தள்ளிக்கொள்ளலாமா என்று கேட்டுவரச் சொல்லி அவரை மாடிக்கு அனுப்பியதே அந்த அம்மாள்தான் என்று பிறகு மாமி சொல்லித் தெரிந்தது.

சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து புது வண்டி ஒன்று செய்துகொடுத்தோம். எங்கள் வாசலில், பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். மறுநாள் காலை அது தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றது. அந்த அம்மாளே தேய்த்துக்கொண்டிருந்தார். அதுவரை துணியைத் தூக்கிய கை இப்போது பெட்டியைத் தூக்கியது, துணி வாங்க ஆள் இல்லாததால் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு நெடுஞ்சுவர், அவ்வளவுதான். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெயில் அந்தச் சுவரில் அடித்து முதுகுக்கும் வரும். லிஃப்ட் பக்கத்து அறிவிப்பை நானே கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே கார் நிறுத்தும் இடத்தில் வந்து தேய்க்கச் சொல்லிக் கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

பங்குனி வந்தது. ஒருநாள் மத்தியானம் அந்த அம்மாள் தலை சுற்றி வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். நான் படியிறங்குவதற்குள் எழுந்து நின்று மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலமே நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரர் என்னை மறந்திருப்பார் என்று நம்பினேன். "குளிரு தாங்குமானு கேட்ட சாரு தானே?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரப்பர் குழாயைக் கீழே போட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் "சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"புங்கை குடுங்க" என்றேன். "இருக்கிறதிலேயே நல்லாப் பெருசா."

"பெருசு வாணாம் சார். தப்பு அதான். பையிலயே சுத்தின வேரு மண்ணுல எறங்காது." இடுப்பளவுகூட இல்லாத ஒரு கன்றைப் பொறுக்கி எடுத்தார். "இத்த வை. மூணடிக்கு மூணடி மண்ண வுடு, சிமிட்டி போடாத. ரெண்டு பக்கமும் சமமா கழி."

"காத்துக்கு நிக்குமா?"

"நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது சார். அதவிட இது நிக்கும்."

மறுநாள் காலை கடப்பாரைக்காரரைப் பிடித்து டைல்ஸையும் சிமெண்ட்டையும் உடைத்து எடுத்தேன். மாமி மேலிருந்து, "இலை கொட்டுமோன்னோ?" என்றார். "கொட்டும் மாமி, நானே பெருக்கறேன்" என்றேன். மாமி உள்ளே போய்விட்டார். குழி தயாரானது. நடுவதற்கு முன்னால் அந்த அம்மாளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மரத்தைப் பற்றி அவர்களிடம் நான் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை. கன்றைப் பையோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு, குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிற கோலத்தில் தெருவைக் கடந்தேன்.

அவர் மூன்றாம் மாடிக்காரரின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் கட்டிய துணி நனைந்திருந்தது. நான் பேச ஆரம்பித்தேன். இது புங்கை என்றேன். வேர் ஆழமாகப் போகும், கடல் காற்றுக்குப் பழகிய மரம், நர்சரிக்காரரே பொறுக்கிக் கொடுத்தது என்றேன். மூன்றடிக்கு மண் விட்டிருக்கிறேன், வந்து பாருங்கள் என்றேன். நாலைந்து வருடத்தில் நிழல் வந்துவிடும், அதுவரைக்கும் வாசலில் ஒரு கூரை போட்டுத் தருகிறேன், பழைய இடத்துக்கே வந்துவிடுங்கள் என்றேன். வேறு மரம் வேண்டுமென்றால் வேம்போ புன்னையோ, சொல்கிற மரத்தை வைக்கிறேன் என்றேன். இவ்வளவு நேரம் நான் ஒரு ஜோக்கும் சொல்லாமல் பேசியது என் கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

அவர் சட்டையின் கையை மடித்தார், காலரைத் தட்டினார், தேய்த்து முடித்த அடுக்கின் மேல் வைத்தார். அடுத்த துணியை எடுத்து உதறித் தண்ணீர் தெளித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எதுனா நட்டுக்க சார், நான் இந்தாண்டயே நின்னுக்கிறேன்."